ஸ்பார்க் டெஸ்டர் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 ச.மி.மீ. வயரில் செம்பைச் சுற்றியுள்ள பிவிசி உறையின் தடிமன் 0.7 மி.மீ. 90 மீட்டர் காயிலில் எங்கோ ஓரிடத்தில் அந்த உறையில் ஓர் ஊசித்துளை இருந்தால் கடையிலும் தெரியாது, வயரை இழுக்கும்போதும் தெரியாது. வேலை முடிந்து, இன்சுலேஷன் தடையை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்தாலும், சுவருக்குள் பதித்த குழாய் காய்ந்திருக்கும்வரை அளவு நன்றாகவே காட்டும். துளைக்குள் இருப்பது காற்று. வீட்டு மின்னழுத்தத்துக்குக் காற்றே போதுமான தடுப்பு. ஐப்பசி மழையில் தளத்தின் மேல் தேங்கிய நீர் குழாய்க்குள் கசிந்த பிறகுதான் மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி விழத் தொடங்கும். அப்போது அது எந்தக் குழாய், எந்த வயர் என்று தேடுவது பெரும்பாடு.

ஆகவே அந்தத் துளையைப் பிடிக்க வேண்டிய இடம் தொழிற்சாலைதான். அங்கே மாதிரி எடுத்துச் சோதிப்பது இதற்கு உதவாது. ஐஇசி 60227 என்ற சர்வதேசத் தரத்தின்படி 10 மீட்டர் வயரை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து 2,500 வோல்ட் 5 நிமிடம் கொடுக்கும் சோதனை இருக்கிறது. மூலப்பொருளும் செய்முறையும் சரியா என்று அது சொல்லும். ஆனால் பல கிலோமீட்டர் ஓட்டத்தில் எங்கோ ஒரு மில்லிமீட்டரில் இருக்கும் துளை அந்த 10 மீட்டருக்குள் வந்து அமையும் என்று எதிர்பார்க்க முடியாது. வயரின் ஒவ்வொரு மில்லிமீட்டரையும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றுதான்: ஸ்பார்க் டெஸ்ட். இந்தியாவில் கேபிள் சோதனை முறைகளைச் சொல்லும் ஐஎஸ் 10810 தொகுப்பில் 44ஆம் பகுதி இதற்கானது. உலக அளவில் ஐஇசி 62230.

இந்தச் சோதனையைப் பற்றி உற்பத்திக் கூடங்களில் இரண்டு தவறான நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. பழுதுகளை எண்ணும் கவுண்டர் பூஜ்யம் காட்டினால் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது என்பது ஒன்று. கவுண்டர் எண்ணைக் காட்டினால் அந்த இடத்தை வெட்டி எறிந்ததோடு வேலை முடிந்தது என்பது இன்னொன்று. இரண்டும் ஏன் தவறு என்று தெரிய, டெஸ்டருக்குள் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பொறி பாயும் கணக்கு

கம்பிக்கு உறையிடும் எக்ஸ்ட்ரூஷன் லைனில் செம்புக் கம்பி பே-ஆஃப் பாபினிலிருந்து அவிழ்ந்து, ப்ரீஹீட்டரில் சூடாகி, கிராஸ்ஹெட்டில் பிவிசி பூசப்பட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஆறி, ஏர் வைப்பரில் காய்ந்து, விட்டம் அளக்கும் லேசர் கேஜைத் தாண்டி ஸ்பார்க் டெஸ்டருக்குள் நுழைகிறது. டெஸ்டரின் எலக்ட்ரோடு பெரும்பாலும் மணிச்சங்கிலிகள்தாம். சிறு எஃகு மணிகள் கோத்த சங்கிலிகள் வாசலில் தொங்கும் மணித்திரைபோல் நெருக்கமாகத் தொங்க, அவற்றுக்கு நடுவே வயர் புகுந்து போகும். சங்கிலிகளில் உயர் மின்னழுத்தம். வயருக்குள் இருக்கும் செம்பு எர்த்தில். இரண்டுக்கும் நடுவே இருப்பது இன்சுலேஷன் மட்டுமே. உறை முழுமையாக இருந்தால் மிகச் சிறிய மின்தேக்கி மின்னோட்டம் மட்டும் போகும். துளை வந்தால் அதன் வழியே பொறி பாயும், மின்னோட்டம் சட்டென்று உயரும், கவுண்டர் ஒன்று கூடும்.

எவ்வளவு மின்னழுத்தம் கொடுப்பது? நல்ல பிவிசியில் 0.7 மி.மீ. சுவர் குறுகிய நேரத்துக்கு 10 கிலோவோல்ட்டுக்கு மேலும் தாங்கும். அதே 0.7 மி.மீ. தூரத்தில் வெறும் காற்று இருந்தால் உச்ச மதிப்பு சுமார் 3.3 கிலோவோல்ட்டிலேயே பொறி பாய்ந்துவிடும். ஸ்பார்க் டெஸ்ட் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வெளியில்தான் நடக்கிறது. துளைக்குள் இருக்கும் காற்றை உடைக்க வேண்டும், நல்ல பிளாஸ்டிக்கை உடைக்கக் கூடாது.

ஐஇசி 62230 சொல்லும் சாதாரண ஏசி மின்னழுத்தங்கள் தடிமனைப் பொறுத்து ஏறுகின்றன: 0.25 மி.மீ. வரை 3 கிலோவோல்ட், 0.5 வரை 4, 1.0 வரை 6, 1.5 வரை 10, 2.0 வரை 15, 2.5 வரை 20, அதற்கு மேல் 25. டிசி என்றால் இவற்றுக்கு முறையே 5, 6, 9, 15, 23, 30, 38. டிசி எண்கள் ஏசியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருப்பதற்குக் காரணம் எளிது. 6 கிலோவோல்ட் ஏசி என்பது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சம் 8.5 கிலோவோல்ட். பொறியைப் பாய்ச்சுவது உச்சம்தான்.

8.5 கிலோவோல்ட் உச்சம் காற்றில் 2 மி.மீ.க்குச் சற்று மேலான இடைவெளியைக்கூடத் தாண்டும். 0.7 மி.மீ. உறைக்கு இது மிகை என்று தோன்றலாம். ஆனால் துளை எப்போதும் நேராக இருப்பதில்லை, சாய்ந்தும் வளைந்தும் போகும். மணிகளும் வயரின் எல்லாப் பக்கத்தையும் ஒரே சீராகத் தொடுவதில்லை. வயரின் அடிப்பக்கத்துக்கும் அருகிலுள்ள மணிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் காற்று இருந்தாலும் பொறி அதையும் சேர்த்துத் தாண்ட வேண்டும். அந்தக் கூடுதல் மின்னழுத்தம் இதற்குத்தான். கவுண்டர் அடிக்கடி ஏறுகிறது என்பதற்காக 6 கிலோவோல்ட்டை 4க்கு இறக்கிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது துளைகளைக் குறைப்பதில்லை. சாய்ந்த துளைகளையும் அடிப்பக்கத் துளைகளையும் காயிலுக்குள் அனுப்பிவைக்கிறது. அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் கிடையாது.

மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதும் தீர்வாகாது. எலக்ட்ரோடைச் சுற்றி கொரோனா மின்கசிவு பெருகும், ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகும், ஈரத்தோடு சேர்ந்து அவை மணிகளை அரிக்கும். நல்ல இடத்தில் தெரியாத ஒரு நலிவையும் அது புதிதாக உண்டாக்கக்கூடும்.

விட்டுப்போவது எது

இப்போது அதே எண்களைத் திருப்பிப் பார்க்கலாம். உறையின் மேல்புறத்திலிருந்து 0.6 மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழி, அடியில் 0.1 மி.மீ. பிவிசி மட்டும் மிச்சம். காற்று முதலில் உடையும், பிறகு முழு 8.5 கிலோவோல்ட்டும் அந்த 0.1 மி.மீ. மேல் விழும். ஒரு மில்லிமீட்டருக்கு 85 கிலோவோல்ட் என்ற கணக்கு. தாங்காது, டெஸ்டர் பிடித்துவிடும். மிச்சம் 0.3 மி.மீ. என்றால் மில்லிமீட்டருக்கு 28 கிலோவோல்ட்தான். நல்ல பிவிசியாக இருந்தால் அந்தச் சில மில்லிவினாடிகளை அது பெரும்பாலும் தாங்கிவிடும். கவுண்டர் பூஜ்யத்திலேயே நிற்கும்.

0.7 மி.மீ. பெயரளவுத் தடிமனுக்கு எந்த இடத்திலும் குறைந்தது 0.53 மி.மீ. இருக்க வேண்டும் என்பது தரத்தின் விதி. பெயரளவில் 10 சதவீதமும் அதோடு 0.1 மி.மீ.யும் குறைத்துக் கிடைக்கும் எண் அது. செம்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி, அங்கே 0.35 மி.மீ. மட்டும் இருக்கும் வயர் தர விதிப்படி கழிவு. ஸ்பார்க் டெஸ்டரில் அது தடையின்றித் தேறும். முழுக்க மூடிய காற்றுக் குமிழ், செம்போடு சரியாக ஒட்டாத உறை, பாதி வெந்த பிவிசி, ஈரத்தில் தடுப்பாற்றலை இழக்கும் மலிவான கலவை ஆகிய எதையும் இந்தச் சோதனை பார்ப்பதில்லை. அது கண்டுபிடிப்பது பிளாஸ்டிக் இருக்க வேண்டிய வழியில் காற்று இருக்கும் இடங்களை.

ஆகையால் லைனில் அதற்கு முன்னால் விட்டம் அளக்கும் கேஜும், திடீர் புடைப்பையும் ஒடுக்கத்தையும் பிடிக்கும் லம்ப் டிடெக்டரும் வேண்டும். ஓட்டம் தொடங்கும்போது ஒரு துண்டை வெட்டி, குறுக்குவெட்டை உருப்பெருக்கியில் வைத்து ஆறு இடங்களில் தடிமனை அளக்க வேண்டும். அந்த அளவு சரியில்லாமல் வெளியே வரும் விட்டம் மட்டும் சரியாக இருந்து பயனில்லை. விட்டக் கேஜுக்கும் ஒதுங்கிய செம்பு தெரியாது. தண்ணீரில் ஊறவைக்கும் சோதனையும், 70 டிகிரி வெந்நீரில் இன்சுலேஷன் தடையை அளக்கும் சோதனையும் கலவையின் தரத்துக்கானவை. ஸ்பார்க் டெஸ்டர் இவற்றில் எதற்கும் மாற்றாகாது, இவற்றில் எதுவும் அதற்கும் மாற்றாகாது.

வேகமும் எலக்ட்ரோடின் நீளமும்

துளை எலக்ட்ரோடுக்குள் இருக்கும் நேரத்தில் மின்னலையின் உச்சம் ஒருமுறையாவது வந்தாக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஏசியில் வினாடிக்கு 100 உச்சங்கள். வயர் நிமிடத்துக்கு 600 மீட்டர் ஓடினால், அதாவது வினாடிக்கு 10 மீட்டர், இரண்டு உச்சங்களுக்கு நடுவே 100 மி.மீ. கடந்துவிடும். 50 மி.மீ. எலக்ட்ரோடு வைத்தால் பல துளைகள் அலை பூஜ்யத்தை ஒட்டியிருக்கும்போதே உள்ளே வந்து வெளியே போய்விடும்.

இதனால்தான் தரங்கள் குறைந்தபட்ச நேரத்தைச் சொல்கின்றன. ஐஇசியின்படி வயரின் ஒவ்வொரு புள்ளியும் ஏசியில் 0.05 வினாடி, உயர் அதிர்வெண்ணில் 0.0025 வினாடி, டிசியில் 0.001 வினாடி எலக்ட்ரோடுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்க யூஎல் முறை இன்னும் கடுமையானது: முழுதாக 9 அலைகள், அதாவது 18 உச்சங்கள். எலக்ட்ரோடு 300 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 50 ஹெர்ட்ஸில் ஐஇசி கணக்குப்படி நிமிடத்துக்கு 360 மீட்டர் வரை ஓட்டலாம், யூஎல் கணக்குப்படி 100 மீட்டர்தான். அதே யூஎல் விதியை 3,000 ஹெர்ட்ஸ் டெஸ்டருக்குப் போட்டால் வெறும் 50 மி.மீ. எலக்ட்ரோடோடு நிமிடத்துக்கு 1,000 மீட்டர் ஓட்டலாம். காருக்கான மெல்லிய வயர்கள் ஓடும் வேகமான லைன்களில் உயர் அதிர்வெண் டெஸ்டர் இருப்பது இதனால்தான்.

அப்படியானால் எல்லா இடத்திலும் உயர் அதிர்வெண்ணையே வைக்கலாமே என்றால், மின்தேக்கி மின்னோட்டம் குறுக்கே வரும். 1.5 ச.மி.மீ. பிவிசி வயருக்கு மீட்டருக்குச் சுமார் 440 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 3,000 ஹெர்ட்ஸில் 6 கிலோவோல்ட்டில் 50 மி.மீ. எலக்ட்ரோடு இழுப்பது ஏறத்தாழ 2.5 மில்லிஆம்பியர். ஒரு மீட்டர் எலக்ட்ரோடு என்றால் 50 மில்லிஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்காது, ஆளுக்கும் அது ஆபத்து. எனவே உயர் அதிர்வெண்ணுக்குக் குட்டை எலக்ட்ரோடு, 50 ஹெர்ட்ஸுக்கு நீளமானது. டிசியில் இந்தச் சிக்கல் இல்லை. உறை ஒருமுறை மின்னேறியதும் மின்னோட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் டெஸ்டரைத் தாண்டிய பிறகும் வயரின் மேற்பரப்பில் மின்னூட்டம் தங்கும். எர்த் செய்த உருளை ஒன்றில் அதை இறக்காமல் விட்டால் வயரைச் சுற்றும் டேக்-அப்பில் நிற்பவர் கையில் அடிக்கும்.

கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. அதே பாபின், அதே கலவை. லைனை நிமிடத்துக்கு 150 மீட்டரிலிருந்து 350க்கு ஏற்றியதும் கிலோமீட்டருக்கு வரும் எண்ணிக்கை குறைந்தால் மகிழக் கூடாது. வேகம் கூடியதால் துளை குறையாது. டெஸ்டர் கோட்டைவிடுகிறது என்றே அதற்குப் பொருள்.

செம்பு எர்த்தில் இருக்கிறதா

இந்தச் சோதனையில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பகுதி இதுதான். சங்கிலியில் 6 கிலோவோல்ட் இருப்பதை மீட்டர் காட்டும். செம்பு எர்த்தில் இருப்பதை எதுவும் காட்டாது. செம்பு மிதந்துகொண்டிருந்தால் அதன் மின்னழுத்தமும் சங்கிலியோடு சேர்ந்து ஏறும், உறையின் மேல் விழும் வேறுபாடு சுருங்கும், துளை வந்தாலும் பொறி வலுவாகப் பாயாது.

பே-ஆஃபில் வெறுங்கம்பி ஓடும்போது எர்த் கொடுப்பது சுலபம்: செம்பைத் தொட்டுச் சுழலும் உலோகப் புல்லியும், அதன் அச்சில் கார்பன் பிரஷ்ஷும். பேரிங்கை நம்பக் கூடாது. சுழலும்போது கிரீஸ் படலம் நடுவே வந்து தொடர்பு விட்டுவிட்டு வரும். ஏற்கெனவே உறையிட்ட வயரை வேறு டிரம்முக்குச் சுற்றும் ரீவைண்டிங் மெஷினில் சோதனை செய்தால், டிரம்மின் உள்முனையை வெளியே எடுத்து சுழலும்போதும் தொடர்பு விடாத ஸ்லிப்ரிங் வழியே எர்த் செய்ய வேண்டும். கம்பி நடுவில் எங்காவது அறுந்திருந்தால் அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள நீளம் முழுவதும் மிதக்கும். எனவே கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், இல்லையேல் இரு முனையிலும் எர்த் வேண்டும்.

ஈரம் இதற்கு நேர்மாறான தொல்லை. தொட்டியிலிருந்து வரும் வயரின் மேல் நீர்ப்படலம் இருந்தால் சங்கிலியின் மின்சாரம் வயரின் மேற்பரப்பு வழியாகவே எர்த் செய்த தொட்டிக்கு ஓடும். கவுண்டர் காரணமில்லாமல் ஏறும், மின்னழுத்தம் சரியும். அந்தச் சரிவில் உண்மையான துளைகள் தப்பிவிடும். ஏர் வைப்பரின் நாசியில் அடைப்பு இருக்கிறதா, காற்றழுத்தம் போதுமா என்று பார்ப்பதே முதல் வேலை. வைப்பருக்கும் டெஸ்டருக்கும் நடுவே ஓரளவு தூரமும், எலக்ட்ரோடின் இரு பக்கத்திலும் எர்த் செய்த காவல் (guard) சங்கிலிகளும் இருந்தால் நல்லது.

துளை எங்கிருந்து வந்தது

ஒரு பழுதைக் கவுண்டர் காட்டியதும் அந்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த காயிலுக்குப் போவதில் பெரிய இழப்பு இருக்கிறது. அந்த எண் எந்த மீட்டரில் வந்தது, அதற்கு முந்தையது எந்த மீட்டரில் வந்தது என்று பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். ஓடிய நீளத்தை அளக்கும் என்கோடரோடு இணைத்து ஒவ்வொரு பழுதின் தூரத்தையும் பதிவு செய்யும் வசதி இப்போதைய டெஸ்டர்களில் பரவலாக இருக்கிறது. பதிவு இல்லாத பழைய டெஸ்டராக இருந்தால் மீட்டர் கவுண்டரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

சம தூரத்தில் வரும் பழுதுகள் சுழலும் ஒன்றைச் சுட்டுகின்றன. 1.26 மீட்டருக்கு ஒருமுறை என்றால் 400 மி.மீ. விட்டமுள்ள புல்லி ஒன்றில் விளிம்பு சிதைந்திருக்கிறது, அல்லது செம்புத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. லைனில் உள்ள எல்லாப் புல்லிகளின் சுற்றளவையும் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தால் எந்தப் புல்லி என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டெஸ்டருக்குப் பிறகு வரும் புல்லி உறையைக் கிழித்தால் டெஸ்டருக்கு அது தெரியாது. எனவே வயரை இழுக்கும் கேப்ஸ்டனும், வயரைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் அக்யூமுலேட்டரும் தாண்டி, டேக்-அப்புக்குச் சற்று முன்னால் டெஸ்டரை வைப்பதே பாதுகாப்பு. பழைய லைன்களில் தொட்டிக்கு அடுத்தே வைத்திருந்தால், காயில் சுற்றும் மெஷினில் இரண்டாவது டெஸ்டர் ஒன்று அவசியம்.

ஒரு பாபினில் மட்டும் பழுதுகள் கூட்டமாக வந்து, பாபினை மாற்றியதும் நின்றுபோனால் குற்றம் கம்பியில். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள இழைகளைப் பஞ்சிங் (bunching) மெஷினில் ஒன்றாக முறுக்கும்போது ஓர் இழை அறுந்து, அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 0.7 மி.மீ. உறையை அது உள்ளிருந்தே குத்திவிடும். வளையும் வகை வயர்களில் இந்தக் காரணம் மிகச் சாதாரணம். கிராஸ்ஹெட்டின் டிப் வாயில் அந்த இழை சிக்கிச் சுருண்டு திடீரென்று ஒரு முடிச்சாக வெளியே வந்தால் லம்ப் டிடெக்டரும் ஸ்பார்க் டெஸ்டரும் சேர்ந்தே கத்தும்.

ஒழுங்கில்லாமல், ஆனால் விடாமல் வரும் பழுதுகளுக்கு முதல் சந்தேகம் ஈரம். பிவிசி கலவையில் உள்ள கால்சியம் கார்பனேட் நிரப்பியும் கலர் மாஸ்டர்பேட்சும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்தே கிடந்த மூட்டையை ஹாப்பரில் கொட்டினால், 160 முதல் 180 டிகிரி வெப்பத்தில் அந்த ஈரம் ஆவியாகி, உறைக்கு வடிவம் தரும் டையை விட்டு வெளியே வரும் நொடியில் குமிழாக விரியும். மேற்பரப்பு சொரசொரப்பாக, சிறு கொப்புளங்களோடு இருக்கும். ஹாப்பர் டிரையரில் 70 முதல் 80 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்தால் தீர்ந்துவிடும். ஒரே ஒரு நிறத்தில் மட்டும் பழுது கூடினால் அந்த மாஸ்டர்பேட்ச் ஈரமா, நிறமி சரியாகக் கரையாமல் கட்டியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குமிழ் உறையின் உட்பக்கத்தில், செம்பை ஒட்டி இருந்தால் கதை வேறு. கம்பி இழுக்கும்போது பயன்படுத்திய எண்ணெய்க் குழம்பு இழைகளுக்கு நடுவே மிச்சமிருந்து, சூடான பிவிசி பட்டதும் ஆவியாகிறது. ப்ரீஹீட்டர் அணைந்திருந்தாலோ வேகத்துக்கு ஏற்ற வெப்பம் கொடுக்காவிட்டாலோ இப்படி நேரும். கம்பி கிராஸ்ஹெட்டுக்குள் நுழையும்போது 80 முதல் 120 டிகிரிவரை சூடாக இருப்பது உறை ஒட்டுவதற்கும் நல்லது.

ஓட்டம் தொடங்கிப் பல மணி நேரம் கழித்து எண்ணிக்கை மெல்ல ஏறிக்கொண்டே போனால் கருகலை நினைக்க வேண்டும். கிராஸ்ஹெட்டின் மூலையில் பிவிசி தேங்கிச் சிதைகிறது, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடுகிறது, அந்த வாயு பக்கத்திலுள்ள பிவிசியையும் வேகமாகச் சிதைக்கிறது. பழுப்புத் துகள்கள் பிரிந்து உறைக்குள் வந்து அமரும். சில நேரம் அழுக்கை வடிகட்டும் ஸ்கிரீன் பேக் அடைத்துக் கிழிந்து, அழுக்கு நேராகப் போகும்; எக்ஸ்ட்ரூடர் முனையின் அழுத்தம் ஏறிச் சட்டென்று இறங்கியிருந்தால் அதுதான். லைனைச் சூடோடு நிறுத்திவைத்து மீண்டும் தொடங்கிய உடனே பழுதுகள் கொத்தாக வந்தாலும் காரணம் கருகலே. அங்கே பிவிசியைத் தள்ளும் ஸ்க்ரூவைக் காலி செய்யாமல் நிறுத்தியிருப்பார்கள்.

வெட்டி எடுத்த துண்டை உடனே எறியாமல் 10 மடங்கு லென்ஸில் பார்ப்பது நல்லது. பொறி பாய்ந்த இடம் கருகிப் போயிருப்பதால் துளையே பெரிதாக எதையும் சொல்லாது. அதற்கு இரு பக்கமும் 5 செ.மீ. தூரத்துக்கு உறையைக் கீறித் திறந்து பார்த்தால், உடையாமல் தப்பிய சிறு குமிழ்களோ பழுப்புத் துகள்களோ அங்கே இருக்கும். செம்பு நுனி மின்னினால் இழை. நீளவாக்கில் கீறல் இருந்தால் புல்லி அல்லது வழிகாட்டி வளையம்.

டெஸ்டரையே சோதிப்பது

பழுது வராத நாளில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? தரங்கள் இதற்கு ஒரு செயற்கைப் பழுதுக் கருவியைச் சொல்கின்றன. எலக்ட்ரோடுக்கும் எர்த்துக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஊசியும் தகடும், கணநேரம் மட்டும் ஒன்றையொன்று கடக்கும். ஒவ்வொரு கடப்புக்கும் கவுண்டர் சரியாக ஒன்று கூட வேண்டும். கூடாமலும் இருக்கக் கூடாது, இரண்டாகவும் எண்ணக் கூடாது. அந்தக் கருவி இல்லாத இடத்தில், நல்ல வயரில் 4 மீட்டர் இடைவெளியில் ஐந்து இடங்களில் மெல்லிய ஊசியால் செம்பு வரை குத்தி, குத்திய திசையையும் மாற்றி மாற்றி வைத்து, உற்பத்தி வேகத்திலேயே டெஸ்டர் வழியே ஓட்டலாம். ஐந்து எண்ணினால் சரி. நான்கு என்றால் விடுபட்ட துளை வயரின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பார்த்தால், எந்தப் பக்கச் சங்கிலி தொடவில்லை என்பது தெரிந்துவிடும். அருகருகே இரண்டு துளைகளைக் குத்தக் கூடாது. ஒரு பொறிக்குப் பிறகு டெஸ்டர் மீண்டும் தயாராகச் சற்று நேரம் எடுக்கும், இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும்.

ஷிஃப்ட் தொடக்கத்தில் மின்சாரத்தை அணைத்து, மூடியைத் திறந்து சங்கிலிகளைப் பார்க்க வேண்டும். அறுந்து விழுந்த சங்கிலிகள் இடைவெளி உண்டாக்கும், பிவிசித் துகளும் கொரோனாவால் வந்த வெண்பொடியும் மணிகளை மூடியிருக்கும். வயர் சங்கிலிகளின் நடு உயரத்தில் ஓட வேண்டும். தளர்ந்து கீழே தொங்கினாலும் மேலே துள்ளினாலும் ஒரு பக்கம் தொடர்பு விட்டுப்போகும். மீட்டர் காட்டும் மின்னழுத்தத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது அளவுத்திருத்தம் செய்த உயர் மின்னழுத்த புரோப் வைத்து எலக்ட்ரோடிலேயே அளந்து ஒப்பிட வேண்டும்.

லைன் நிற்கும்போது டெஸ்டர் தானாக அணைய வேண்டும், இல்லையேல் நின்ற இடத்தில் உறை தொடர்ந்து அடிவாங்கும். இதனால் வரும் ஒரு விளைவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிறுத்தும்போதும் மீண்டும் தொடங்கும்போதும் மின்னழுத்தம் முழு அளவுக்கு இல்லாத நேரத்தில் எலக்ட்ரோடைக் கடந்த நீளம் சோதிக்கப்படாத நீளம். பழுதே இல்லை என்று கவுண்டர் சொன்னாலும் அதை வெட்டி எடுக்க வேண்டும், அல்லது ரீவைண்டிங்கில் மறுபடி ஓட்ட வேண்டும்.

பழுது வந்த இடத்தைக் கண்டுபிடிப்பதிலும் கணக்கு இருக்கிறது. டெஸ்டரிலிருந்து டேக்-அப் வரை அக்யூமுலேட்டரையும் சேர்த்து 40 மீட்டர் வயர் இருந்தால், சைரன் அடிக்கும் நேரத்தில் டிரம்மில் சுற்றிக்கொண்டிருப்பது பழுதுக்கு 40 மீட்டர் முந்தைய பகுதி. அந்த இடத்தில் சீட்டு ஒட்டினால் காயில் பிரிக்கும்போது நல்ல வயரை வெட்டிவிட்டுப் பழுதை அனுப்பிவிடுவோம். லைனின் இந்த நீளத்தை ஒருமுறை டேப் வைத்து அளந்து, மார்க்கிங் தாமதத்தை அதற்கேற்ப அமைக்க வேண்டும். வெட்டும்போது குறித்த இடத்துக்கு இரு பக்கமும் ஒரு மீட்டராவது சேர்த்து வெட்டி, மீதியை மீண்டும் டெஸ்டர் வழியே ஓட்டிய பிறகே காயிலாகச் சுற்ற வேண்டும். டேப்பையோ ஷ்ரிங்க் குழாயையோ போட்டு மூடுவது வீட்டு வயருக்குச் செல்லாது. சுவருக்குள் போகும் 90 மீட்டரில் ஒட்டுப்போட்ட இடம் என்று ஒன்று இருக்கக் கூடாது.